தேடினால் வராத பெயர்

ஷிரே ஆறு கரையை உடைத்துக்கொண்டு தெற்கே இருந்த ஊர்களையெல்லாம் மூழ்கடித்தபோது, நாங்கள் ப்ளான்டயர் நகரத்தில் ஒரு பழைய துணிக் கிடங்கின் மாடியில் உட்கார்ந்து காணாமற்போனவர்களைத் தேடிக்கொண்டிருந்தோம். படகு, கயிறு என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். கம்ப்யூட்டரும் டெலிபோனும்தான். வெள்ளத்தில் ஒரு சொட்டுகூட என் காலில் படவில்லை. ஆனாலும் அந்த வாரங்களில் நான் பட்ட அலுப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் தோள்பட்டை கடுக்கிறது.

வேலை இதுதான். யாரையாவது காணோம் என்றால் சொந்தக்காரர்கள் எங்களுக்குப் போன் செய்வார்கள். பெயர், அப்பா பெயர், ஊர், வயது, உடம்பில் என்ன அடையாளம் என்று கேட்டு ஒரு பதிவு போடுவோம். முகாம்களில் இருக்கும் தொண்டர்கள், அங்கே வந்து சேர்ந்தவர்களின் விவரத்தைச் சாட்டிலைட் பெட்டியில் குறுஞ்செய்தியாக அனுப்புவார்கள். இரண்டும் பொருந்தினால், அந்தப் பதிவில் 'தேடப்படுகிறார்' என்றிருப்பது மாறி, இன்ன முகாமில் இருக்கிறார் என்று வர வேண்டும்.

அந்த 'வர வேண்டும்' என்பதில்தான் என் பிராணன் போய்க்கொண்டிருந்தது. பதிவுகள் நிஜமாக இருப்பது ஓரிடம். அதை நாங்கள் மூலம் என்போம். ஆனால் தேடுவது அதில் இல்லை. தேடுபொறி மூலத்தைப் படித்து, எந்தப் பெயர் எந்தப் பதிவில் இருக்கிறது என்று தனக்கு வசதியாக வேறோர் இடத்தில் அடுக்கி வைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயரை அடித்ததும் சட்டென்று வருகிறது. நாங்கள் மட்டுமல்ல, வெளியில் யார் வேண்டுமானாலும் தங்கள் போனிலேயே அப்படி அடித்துத் தேடலாம். மூலத்தில் ஒன்று மாறினால் அடுக்கிலும் மாற்ற வேண்டும். எங்களிடம் இருந்த ஏற்பாடோ மகா மட்டம். ஒரே ஒரு கிழவி முகாம் மாறினாலும், அத்தனை ஜனத்தையும் அடுக்கிலிருந்து இறக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடுக்கும். சர்வரோ யாரோ தானமாகக் கொடுத்த கிழம். சாயங்காலம் தொடங்கினால் விடிந்தும் முனகிக்கொண்டிருக்கும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் எது, சொல்லுங்கள்.

ஆக, நாங்கள் காட்டியதெல்லாம் நேற்றைய செய்தி, சில நாள் முந்தாநாள் செய்தி. அதை நம்பி ஒரு மனிதர் லாரியில் தொற்றிக்கொண்டு பங்குலா முகாம் வரை போனார். அவருடைய அம்மாவை அதற்கு முன்பே வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். திரும்பி வந்து போன் செய்தார்.

"ஏம்மா, நீங்கல்லாம் படிச்சவங்கதானே? எங்கம்மா எங்க இருக்கான்னு உங்களை விட அந்த லாரிக்காரனுக்கு நல்லாத் தெரியுது. பேசாம அவனை உங்க நாற்காலியில உக்கார வைங்க" என்றார்.

அவர் சொன்னதில் என்ன தப்பு? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

போன் மேசையில் செலிஃபா அக்கா இருந்தாள். எங்கள் ஆபீஸின் குரல் அவள்தான். எதிர்முனையில் எத்தனை பேர் அழுதாலும் அதற்குள்ளிருந்து பெயரையும் ஊரையும் பொறுக்கி எடுத்துவிடுவாள். நான் வடக்கே முசூசுப் பக்கத்திலிருந்து வந்தவள் என்பதால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட "ஏ வடக்கத்திக்காரி" என்று கூப்பிட்டதுதான் அதிகம்.

"ஏ வடக்கத்திக்காரி, உன் பொட்டி இன்னும் முக்கிக்கிட்டே இருக்கா? பெத்துப் போடுமா போடாதா?"

"நீ வேணா வந்து பிரசவம் பாருக்கா. எனக்குக் கை ஓஞ்சு போச்சு."

இப்படிப் பேசிச் சிரிப்போம். ஆனால் அவளுடைய புருஷன் லங்கானியும் அந்த அடுக்கில் ஒரு பதிவு. தெற்கே கரும்புத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். வெள்ளம் வந்த அன்று காலையில் பேசினதோடு சரி. அவருக்கான பதிவை அவளே போட்டாள். இடது புருவத்தில் தழும்பு என்று அவளே அடித்தாள். தினமும் காலையில் வந்ததும், வாங்கி வந்த, எண்ணெயில் பொரித்த மண்டாசி உருண்டையைக் கடித்துக்கொண்டே புருஷன் பெயரை அடித்துப் பார்ப்பாள். 'தேடப்படுகிறார்' என்று வரும். "பேரு இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முதல் போனை எடுப்பாள்.

பேரு இருக்கு என்று அவள் ஏன் சொன்னாள் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியைப் போனில் சொல்வது கிடையாது. ஆள் நேரில் போக வேண்டும். செருப்பைக் கழற்றி, பாயில் உட்கார்ந்து, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், பிள்ளைகள் எப்படி, மழை எப்படி என்று முறையாக நலம் விசாரித்து, அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும். அதனால், பிணம் கிடைத்து அடையாளம் தெரிந்துவிட்டால், நசோம்பே அம்மா அந்தப் பெயரைத் தேடினால் வராதபடி எடுத்துவிடுவார். அவர்தான் வீடு வீடாகப் போய்ச் செய்தி சொல்பவர். சொல்லி முடித்த பிறகே பெயர் திரும்பி வரும். திரையைப் பார்த்து யாரும் மாரடித்து அழக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. ஆனால் ஜனங்கள் என்ன முட்டாள்களா? ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். நேற்று வந்த பெயர் இன்று வரவில்லை என்றால் துக்கத்துக்குப் பாயை விரித்துவிட்டு, நசோம்பே அம்மாவுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த நிலையில்தான் தலைநகரிலிருந்து ஃபட்சானியை அனுப்பினார்கள். கெட்டிக்காரன். நல்ல பையன் என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வந்த அன்றே தன் காசில் எல்லோருக்கும் வறுத்த கோழி வாங்கிக் கொடுத்தான். ஆனால் களைத்துப்போனவர்கள் நடுவில் களைக்காத ஒருவன் வந்து நின்றால் பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

"ஒருத்தர் இடம் மாறினா எல்லாரையும் எதுக்கு மறுபடி அடுக்கணும்? மாறினவங்களை மட்டும் மாத்தினாப் போதும் மேடம்" என்றான்.

"அது எங்களுக்கும் தெரியும். செய்யறதுக்கு ஆளும் நேரமும் இல்லைங்கறதுதான் விஷயம்" என்றேன்.

"அதுக்குத்தானே நான் வந்திருக்கேன்? அதிலேயும் பாருங்க, பேரு மாறப் போறதில்லை, ஊரு மாறப் போறதில்லை. மாறறது நிலைமையும் முகாமும் மட்டும்தான். அந்த ரெண்டை மட்டும் அனுப்புவோம். பறந்துடும்."

பறக்கத்தான் செய்தது. அன்று மாலையே முகாமிலிருந்து வந்த தகவல், நான் தேநீர் கலந்து எடுத்து வருவதற்குள் தேடலில் ஏறிவிட்டது. ஃபட்சானி முகாம் பெயரைப் போட்டுத் தேடிக் காட்டினான். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் கணக்கில் சரியாக இருந்தார்கள். மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கையும் குறையவில்லை. செலிஃபா கைதட்டினாள். நான் பல நாளைக்குப் பிறகு சர்வரின் முனகலைக் கேட்காமல் வீட்டுக்குப் போய், செருப்போடு கட்டிலில் விழுந்து தூங்கினேன்.

மறுநாள் காலை செலிஃபா மண்டாசியைக் கடித்துக்கொண்டே புருஷன் பெயரை அடித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். மறுபடி அடித்தாள். மாமனார் பெயரையும் சேர்த்து அடித்தாள்.

"லுசுங்கு, சர்வர் படுத்துடுச்சா?"

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமே நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"இல்லையே அக்கா. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

இன்னும் தேடப்பட்டுக்கொண்டிருந்த வேறு ஒருவரின் பெயரை அடித்தாள். உடனே வந்தது. மறுபடி லங்கானி என்று அடித்தாள். ஒன்றுமில்லை.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதன் கம்பியைச் சுருட்டி ஒழுங்காகக் கட்டினாள். கடித்த மண்டாசியைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இடுப்பில் சுற்றியிருந்த சிட்டென்ஜேத் துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன்.

"யாரும் எங்கூட வர வேண்டாம். எல்லாரும் கிளம்பிட்டா போனை யார் எடுக்கறது?" என்றாள். "நசோம்பேம்மா வந்தாங்கன்னா வீட்டுக்கு வழி சொல்லு. சந்தைக்குப் பின்னால, நீலக் கதவு."

மூலத்தைத் திறந்து அங்கேயே பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்த பெயரை நசோம்பே அம்மா தவிர வேறு யாரும் தோண்டக் கூடாது என்பது விதி. விதியை விடுங்கள், பார்க்கிற தெம்பு அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. நசோம்பே அம்மாவோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் மக்காங்காவில் இருந்தார். அங்கே போனுக்கு டவர் கிடைக்காது. ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து ஒரு மூட்டை சோள மாவு வாங்கி நீலக் கதவு வீட்டுக்கு அனுப்பினோம். நான் செலிஃபாவின் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தேன்.

அன்று முழுக்க அழுகைதான். பேரு வரலை, பேரு வரலை என்று ஒருவர் மாற்றி ஒருவர். எனக்கு அவளைப் போல அழுகைக்குள்ளிருந்து பெயரைப் பொறுக்கத் தெரியவில்லை. கேட்டதையே திரும்பக் கேட்டு இரண்டு பேரிடம் வசவு வாங்கினேன். வெள்ளம் வடிய வடியப் பிணங்கள் வெளியே வருகின்றன போலிருக்கிறது என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது? யோசிக்கிற இடம் மூளையில் மரத்துப் போயிருந்தது.

அடுத்த நாள் காலையில் ஓர் ஆள் கூப்பிட்டான். அவன் அழவில்லை. கோபமாக இருந்தான்.

"எஸ்நாத்னு ஒரு பேரு. எங்கம்மா. தேடினா வரலைங்க."

நான் வழக்கமான பேச்சைத் தொடங்கினேன். "நீங்க எந்த ஏரியாவுல இருக்கீங்க? எங்க ஆள் ஒருத்தர் நேர்ல வந்து..."

"எதுக்கு வரணும்? செத்தவங்க பேரைத்தானே எடுப்பீங்க? எங்க பக்கத்து வீட்டுக்காரி உங்க தேடல்ல பார்த்துட்டு வந்து ஒப்பாரி வெக்கறா. எங்கம்மா இங்க எம்பக்கத்துல உக்காந்து நசிமாக் களி தின்னுக்கிட்டு இருக்கு. முந்தாநாள் சாயங்காலம் முகாம்ல பேரு குடுத்துட்டு, ராவோட ராவா லாரி ஏறி வந்துடுச்சு. இருங்க, அதுவே பேசணுமாம்."

ஒரு கிழவியின் குரல் வந்தது. வாயில் களி இருந்தது.

"யாருடி அவ, என்னைக் கொன்னது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே பென்சிலை எடுத்தேன்.

"பாட்டி, முகாம்ல உங்க கையில ஒரு சீட்டு குடுத்திருப்பாங்களே, அதுல ஒரு எண் இருக்கும். அதைப் படிக்கச் சொல்லுங்க."

மகன் படித்தான். பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போட்டு அடுக்கிலிருந்து அந்தப் பதிவை எடுத்தேன். வந்தது. நிலைமை: பத்திரமாக இருக்கிறார். முகாம்: பங்குலா. அவ்வளவுதான். பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அப்பா பெயர் காலி. ஊர் காலி. வயதும் அடையாளமும் காலி. எஸ்நாத் பாட்டி பத்திரமாக இருந்தாள். அவள் யார் என்பதுதான் தேடுபொறிக்குத் தெரியவில்லை.

"ஃபட்சானி!" என்று நான் கத்திய கத்தலில் கீழே கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இது பாலபாடம். தேடுபொறிக்கு ஒரு வரியை மட்டும் அழித்துத் திருத்தத் தெரியாது. மாற்றம் என்றால், பழைய பதிவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு முழுசாக இன்னொன்றை எழுதிக்கொள்ளும். "இந்த வரி மட்டும் மாறியிருக்கிறது, மிச்சத்தைப் பழையதிலிருந்து எடுத்துக்கொள்" என்று சொல்லவும் வழி உண்டு. ஆனால் அதற்குப் பழைய பதிவின் முழு நகல் அதன் கையில் இருக்க வேண்டும். எங்கள் கிழட்டு சர்வரில் இடம் போதாமல், அந்த நகலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லி வைத்திருந்தோம்.

"முதல்ல திருத்தற கட்டளையைத்தான் குடுத்தேன். ஏத்துக்கலை. நகல் இல்லைன்னு திருப்பி அனுப்பிடுச்சு" என்றான் ஃபட்சானி. "அதனால எழுதற கட்டளையைக் குடுத்தேன். ஏத்துக்கிச்சு. முகாம் பேரைப் போட்டுத் தேடினேன், எல்லாரும் வந்தாங்க. எண்ணிக்கையும் சரியா இருந்துச்சு. நீங்களும் பார்த்தீங்களே?"

"முகாம் பேரைப் போட்டு எவன்யா தேடுவான்? பெத்த பிள்ளையைத் தேடறவ பிள்ளை பேரைத்தானே போடுவா? பேரைப் போட்டு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தேடிப் பார்த்தியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாவமாக இருந்தது, அறையவும் தோன்றியது. அப்போதுதான் முழு விபரீதமும் எனக்கு உறைத்தது. நிலைமை மாறிய பதிவுகளைத்தான் அவன் அனுப்பியிருந்தான். நிலைமை மாறியவர்கள் யார்? கிடைத்தவர்கள். முகாமுக்கு நடந்து வந்து சேர்ந்தவர்கள், படகில் ஏற்றப்பட்டவர்கள், மரத்திலிருந்து இறக்கப்பட்டவர்கள். இரண்டு நாளாக நாங்கள் பெயரை அழித்ததெல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கு. அந்த வீடுகளில் எல்லாம் இப்போது பாய் விரித்திருப்பார்கள்.

"ஃபட்சானி, மாறினதை மட்டும்தான் மாத்தணும்னு நீ சொன்னது சரி. அதை விட்டுடாதே. ஆனா மாறினவங்களோட பதிவை மூலத்துலேர்ந்து முழுசா எடுத்து, முழுசா எழுது. பேரு, ஊரு, தழும்பு, எல்லாம். வரி வரியா இல்லை."

"சரி மேடம்."

"நசோம்பேம்மா எடுத்து வெச்ச பேரு எதையும் தொட்டுடாதே. அது வேற."

"தெரியும் மேடம்."

அது வேறதான். எனக்கும் தெரியும். லங்கானியின் பெயர் இதில் எந்த வகை? ஃபட்சானி அழித்ததா, நசோம்பே அம்மா எடுத்ததா? விதியாவது மண்ணாவது என்று மூலத்தைத் திறந்தேன். அவர் பெயரை ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் அடித்தேன்.

பங்குலா முகாம். இடது காலில் எலும்பு முறிவு. இடது புருவத்தில் தழும்பு. பத்திரமாக இருக்கிறார்.

நான் ஓவென்று அழுதேன். கொஞ்ச நேரம்தான். ஃபட்சானி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போய்த் தன் வேலையைப் பார்த்தான்.

செலிஃபாவுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள். சாவு வீட்டில் அப்படித்தான் வைப்பார்கள். மினிபஸ் பிடித்து ந்திராண்டே சந்தையில் இறங்கி, பின்பக்கச் சந்தில் சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடினேன். நீலக் கதவு தூரத்திலேயே தெரிந்தது. சாவு வீட்டு வழக்கப்படி சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். கட்டிலும் சோபாவும் தூறலில் நனைந்துகொண்டிருந்தன. முற்றத்தில் ஆண்கள் தீ மூட்டி அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் பாயில்.

நான் ஒரு மடத்தனம் செய்தேன். ஆபீஸ் சட்டையைக் கழற்றாமல் போயிருந்தேன். முதுகில் எங்கள் முத்திரை போட்ட அந்த ஆரஞ்சுச் சட்டை. நசோம்பே அம்மா போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவது அதே சட்டைதான்.

வாசலில் நின்று நான் குரல் கொடுத்ததும் தீயைச் சுற்றியிருந்த ஆண்கள் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். வழக்கம் விடுமா? என் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. "எப்படி இருக்கீங்க எல்லாரும்?" என்று என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

அவ்வளவுதான். உள்ளேயிருந்து எழுந்த அலறலை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். லங்கானியின் அம்மா தரையில் விழுந்து புரண்டாள். யாரோ என் காலைக் கட்டிக்கொண்டு கதறினார்கள். "உசுரோட இருக்காரு! உசுரோட இருக்காரு!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தி காதிலும் ஏறவில்லை. நான் கத்தக் கத்த அவர்கள் இன்னும் பலமாக அழுதார்கள். நானும் ஒப்பாரி வைக்கிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ.

செலிஃபா மட்டும் அழவில்லை. மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை அழுகைக்குள்ளிருந்து எத்தனை பெயர்களைப் பொறுக்கியவள் அவள்! கையை உயர்த்தினாள்.

"சும்மா இருங்க எல்லாரும்!"

வீடு அடங்கியது.

"என்ன சொன்னே? திரும்பச் சொல்லு."

"உசுரோட இருக்காருக்கா. பங்குலா முகாம். கால்ல எலும்பு முறிஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்லை. புருவத் தழும்பு எல்லாம் சரியா இருக்கு."

"அப்ப ஏன் பேரு வரலை?"

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். ஃபட்சானி ஒரு வரியை மட்டும் அனுப்பியது, மிச்சமெல்லாம் குப்பைக்குப் போனது எல்லாம். அவள் கண்ணை இமைக்காமல் கேட்டாள். அதற்குள் செய்தி புரிந்த மாமியார் எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"நல்ல சேதி சொல்ல வர்றவ இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டா வருவே, மூதேவி!" என்று சொல்லிவிட்டு, அதே கையால் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

முற்றத்தில் ஆண்கள் சிரித்தார்கள். யாரோ பாடத் தொடங்கினார்கள். செலிஃபா அப்போதும் உட்கார்ந்தபடியே இருந்தாள். முகத்தில் சந்தோஷம் என்று எதுவும் இல்லை. இரண்டு நாள் விதவையாக இருந்த களைப்புதான் இருந்தது.

"எங்க வீடு மட்டும்தானா?" என்றாள்.

"இல்லைக்கா. நிறைய வீடு."

"அவங்களுக்கு யார் சொன்னா?"

"இன்னும் யாரும் சொல்லலை. முதல்ல உங்கிட்டதான் ஓடி வந்தேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "என் செருப்பு எங்க?" என்று கேட்டாள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் இரு. அவருகிட்டப் பேச ஏதாவது வழி பண்ணலாம்."

"பங்குலாவுல போனுக்கு டவர் கிடையாதுன்னு எனக்குத் தெரியாதா? வா."

ஆபீஸுக்குத் திரும்பியபோது ஃபட்சானி மாறியவர்களின் பதிவுகளை முழுசாக எழுதி முடித்திருந்தான். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒழுங்காகச் செய்தால் ஆகாது. பெயர்கள் எல்லாம் அடுக்கில் திரும்பி வந்துவிட்டன. ஆனால் துக்கத்துக்குப் பாய் விரித்தவர்கள் மறுபடி தேடிப் பார்க்கவா போகிறார்கள்? நாங்கள்தான் கூப்பிட வேண்டும். ஃபட்சானி செலிஃபாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"அப்புறம் திட்டறேன். இப்ப எண்ணைப் படி" என்றாள்.

அவன் படித்தான், அவள் அழுத்தினாள். எதிர்முனையில் எடுத்ததும் மூச்சு விடாமல் சொன்னாள். "உசுரோட இருக்காங்க." யார் எவர் என்று சொல்லவில்லை, நலம் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதைவிட மரியாதைக்கேடு கிடையாது. எடுத்தவுடன் அந்த இரண்டு சொல். அதற்குப் பிறகுதான் பெயரும் முகாமும். என் வாய் நீலக் கதவின் முன்னால் செய்த காரியத்தை அவள் பார்த்திருந்தாளே. ஒவ்வொரு எண்ணாக அப்படியே சொல்லிக்கொண்டு போனாள். சிலர் திட்டினார்கள், சிலர் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். பலர் நம்பவில்லை.

மத்தியானத்துக்குள் செய்தி எங்களைவிட வேகமாக ஊருக்குள் பரவிவிட்டது. போன்கள் உள்ளே வரத் தொடங்கின. ஒரு பெண்மணி கூப்பிட்டாள். சத்தம் எனக்கும் கேட்டது, அவ்வளவு உற்சாகம்.

"அம்மா, பேரு வராதவங்கல்லாம் உசுரோட இருக்காங்களாமே! எம் பையன் பேரும் வரலைம்மா. நாங்க பாயைக் கூடச் சுருட்டிட்டோம். தம்பாலானு பேரு. எந்த முகாம்னு மட்டும் சொல்லுங்க, வண்டி வாசல்ல நிக்குது."

செலிஃபா அடித்துப் பார்த்தாள். வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மூலத்தைத் திறந்தேன். அது ஃபட்சானி அழித்ததல்ல. நசோம்பே அம்மா, மக்காங்கா போவதற்கு முன்பே, தன் கையால் எடுத்து வைத்தது; அந்த வீட்டுக்கு அவர் இன்னும் போய்ச் சேரவில்லை. என்னால் தலையை ஆட்டத்தான் முடிந்தது.

செலிஃபா மேசைக்கடியில் செருப்பைக் கழற்றினாள். பிறகு நிதானமாக, ரொம்ப மரியாதையாக, போனுக்குள் கேட்டாள்.

"நீங்க எப்படி இருக்கீங்கம்மா? பிள்ளைங்கல்லாம் எப்படி இருக்காங்க? உங்க பக்கம் மழை விட்டுச்சா?"

எதிர்முனையில் சத்தம் அப்படியே நின்றது.